பேசும் கண்ணாடி, ஊமைக் கண்ணாடி!

சீனாவின் கல்லறைப் புதையல்: களவு போன பொருள் திரும்பி வந்தால் மட்டும் போதுமா?

களவு போன ஒரு பொருளை எத்தனை ஆண்டு வரை திருப்பிக் கேட்கலாம்? 10 ஆண்டா? 50 ஆண்டா?

எத்தனை ஆண்டு ஆனாலும் கேட்கலாம் என்று சீனா சட்டம் செய்திருக்கிறது.

சீனாவில் பழம்பொருள் பாதுகாப்புச் சட்டம் 1982-ம் ஆண்டில் பிறந்தது. 2024-ம் ஆண்டு நவம்பரில் அதைத் திருத்தினார்கள். திருத்திய சட்டம் 2025-ம் ஆண்டு மார்ச் 1-ந்தேதி அமலுக்கு வந்தது. களவு போயோ, கள்ளத்தனமாகக் கடத்தப்பட்டோ வெளிநாடு சேர்ந்த பழம்பொருளைத் திருப்பிக் கேட்கும் உரிமைக்குக் காலக்கெடு கிடையாது என்று அது சொல்கிறது.

அப்படி என்ன போய்விட்டது?

முகம் பார்க்கும் வெண்கலக் கண்ணாடிகள் போயிருக்கின்றன. தங்கத் தகடுகள் போயிருக்கின்றன. சிலைகளும், பட்டில் எழுதிய ஏடுகளும் போயிருக்கின்றன. பெரும்பாலும் கல்லறைகளைத் தோண்டி எடுக்கப்பட்டவை அவை.

அவற்றில் ஒரு பகுதி திரும்பி வந்திருக்கிறது. இன்னும் வரலாம். மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. பொருள் திரும்பி வந்துவிட்டால், போனது எல்லாம் திரும்பி வந்துவிட்டதாக ஆகுமா?

இதற்குப் பதில் சீனாவில் உள்ள 2 கல்லறைகளில் இருக்கிறது. ஒன்று, திருடர்களிடம் இருந்து தப்பிய கல்லறை. மற்றொன்று, திருடர்கள் சூறையாடிய கல்லறை.

அந்தக் கதைக்குப் போகும் முன்பு, அந்தக் கண்ணாடியும் தங்கமும் எப்படிப்பட்டவை என்று பார்த்துவிடுவோம்.

வெண்கலத்தில் முகம்

இன்று நம் வீட்டுச் சுவரில் தொங்குவது, பின்பக்கம் ரசம் பூசிய கண்ணாடி. பழங்காலத்தில் இது கிடையாது. உலோகத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி, அதில் முகம் பார்த்தார்கள். கேரளத்தில் ஆறன்முளை என்ற ஊரில் இன்றும் இத்தகைய உலோகக் கண்ணாடி செய்கிறார்கள்.

சீனாவில் சுமார் 4 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இது வந்துவிட்டது. கன்சு, சிங்காய் ஆகிய வடமேற்கு மாகாணங்களில் கிடைத்த சிறிய கண்ணாடிகள் அந்தக் காலத்தைச் சேர்ந்தவை.

அன்யாங் என்ற இடத்தில் 1976-ம் ஆண்டில் ஓர் அரசியின் கல்லறையைக் கண்டுபிடித்தார்கள. அவர் பெயர் பூ ஹாவோ. படை நடத்திப் போருக்குப் போன வீராங்கனை அவர். சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். அவருடைய கல்லறையில் போர்க் கருவிகளோடு 4 வெண்கலக் கண்ணாடிகளும் இருந்தன!

செம்பில் வெள்ளீயத்தைக் கலந்தால் வெண்கலம். கண்ணாடி செய்ய வேண்டுமானால் வெள்ளீயம் அதிகமாக வேண்டும். பிற்காலத்துக் கண்ணாடிகளில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு வெள்ளீயம் இருக்கிறது. அப்போதுதான் உலோகம் வெண்மையாகும், மெருகு ஏறும். ஆனால் கீழே விழுந்தால் உடைந்துவிடும்.

களிமண் அச்சில் உருக்கி வார்ப்பார்கள். பிறகு முன்பக்கத்தைத் தேய்த்து மெருகிடுவார்கள். நாளாக ஆக மெருகு மங்கும். மறுபடியும் மெருகிட வேண்டும். இதற்கென்றே ஊர் ஊராகப் போகும் தொழிலாளர்கள் இருந்தார்கள். நம் ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுப்பாரே, அதுபோல!

அழகு எல்லாம் முதுகில்

இந்தக் கண்ணாடியின் அழகு முன்பக்கத்தில் இல்லை. பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

வட்டமான தகடு. பின்பக்கம் நடுவில் ஒரு குமிழ். குமிழில் ஒரு துளை. அதில் பட்டுக் கயிற்றைக் கோத்துக் கையில் பிடித்துக்கொள்வார்கள். குமிழைச் சுற்றிலும் மலை, மேகம், பறவை, டிராகன் என்ற பறக்கும் நாகம் என்று சித்திர வேலை.

ஆன் வம்ச அரசர்கள் காலத்தில், அதாவது சுமார் 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு விசித்திரமான கோலம் போட்டார்கள். நடுவில் ஒரு சதுரம். அதைச் சுற்றி ஆங்கில எழுத்து டி, எல், வி போன்ற கோடுகள். அந்தக் காலத்தில் சீனர்கள் ஆடிய ஒரு காய் விளையாட்டின் பலகையிலும் இதே கோடுகள் உண்டு. பூமி சதுரம், வானம் வட்டம் என்பது பழைய சீனர்களின் எண்ணம். உள்ளங்கையில் பிடிக்கும் கண்ணாடியில் உலகத்தையே வரைந்துவிட்டார்கள்!

டாங் வம்ச காலத்தில் செல்வம் கொழித்தது. திராட்சைக் கொடிக்குள் சிங்கங்கள் விளையாடும் கண்ணாடிகள் வந்தன. முத்துச்சிப்பி பதித்தவை வந்தன. தங்கத்தையும் வெள்ளியையும் மெல்லிய தகடாக வெட்டிப் பதித்தவையும் வந்தன. ஜப்பான் நாட்டில் நாரா நகரத்தில் ஷோசோயின் என்ற பழைய கருவூலம் இருக்கிறது. அங்கே உள்ள டாங் காலக் கண்ணாடிகள் மண்ணுக்குள் போனதே இல்லை. 1,200 ஆண்டுக்கு மேல் ஆகியும் அவற்றின் அழகு கெடவில்லை.

ஷாங்காய் நகரப் பொருட்காட்சி சாலையில் ஒரு மாயக் கண்ணாடி இருக்கிறது. அதன் முன்பக்கத்தில் வெளிச்சம் பட்டு, எதிர்ச் சுவரில் விழுந்தால், பின்பக்கத்துச் சித்திரம் சுவரில் தெரியும்! மந்திரம் ஒன்றும் இல்லை. பின்பக்கத்துச் சித்திரத்துக்கு ஏற்றபடி முன்பக்கத்தில் மிக நுண்ணிய மேடு பள்ளங்கள் ஏற்பட்டுவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த மேடு பள்ளம் வெளிச்சத்தில் தெரிந்துவிடுகிறது.

இரண்டரைப் பவுன் சூரியன்

தங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை.

சீனாவின் மேற்குப் பகுதியில் செங்டு என்ற பெரிய நகரம் இருக்கிறது. அங்கே ஜின்ஷா என்ற இடத்தில் 2001-ம் ஆண்டு கட்டிட வேலைக்காகப் பூமியைத் தோண்டினார்கள். பழம்பொருள்கள் வெளிவந்தன. அவற்றில் ஒன்று வட்டமான தங்கத் தகடு.

அதன் அகலம் 12½ சென்டிமீட்டர். எடை 20 கிராம். நம் கணக்கில் இரண்டரைப் பவுன். கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். நடுவில் 12 கதிர்களுடன் சூரியன். அதைச் சுற்றிப் பறக்கும் 4 பறவைகள். சுமார் 3 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வெட்டிய வேலை இது. சீனாவின் பழம்பொருள் பாதுகாப்புக்குச் சின்னமாக 2005-ம் ஆண்டில் இதையே தேர்ந்தெடுத்தார்கள்.

அதே வட்டாரத்தில் சான்சிங்டுய் என்ற இடத்தில், 2021-ம் ஆண்டில் பாதித் தங்க முகமூடி ஒன்று கிடைத்தது. எடை சுமார் 280 கிராம். 35 பவுன்!

இவை ஆராய்ச்சியாளர்களின் கையில் கிடைத்தவை. அதனால் இவை எங்கே, எந்த ஆழத்தில், எவற்றோடு சேர்ந்து கிடந்தன என்று நமக்குத் தெரியும். இது சின்ன விஷயம் போலத் தோன்றும். சின்ன விஷயம் அல்ல என்பதைத்தான் அந்த 2 கல்லறைகளும் காட்டுகின்றன.

தப்பிய கல்லறை

சீனாவின் தெற்குப் பகுதியில் ஜியாங்சி மாகாணம். அதன் தலைநகரம் நான்சாங். நகரத்துக்கு அருகே ஒரு கிராமத்து மேட்டில், 2011-ம் ஆண்டு மார்ச் மாதம், புதிதாகத் தோண்டிய ஒரு குழியைக் கிராமத்தார் கண்டார்கள். கிணறு போல ஆழமான குழி. கல்லறைத் திருடர்களின் வேலை என்று புரிந்துவிட்டது.

கிராமத்தார் சும்மா இருக்கவில்லை. அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தார்கள்.

யாங் ஜுன் என்ற ஆராய்ச்சியாளர் வந்தார். திருடர்கள் தோண்டிய குழிக்குள்ளேயே கயிற்றில் இறங்கிப் பார்த்தார். ஆழம் சுமார் 15 மீட்டர். அதாவது 50 அடி! அடியில் மரத்தால் ஆன பெரிய கல்லறை அறை. திருடர்கள் நேராக நடுவில் வந்து இறங்கியிருந்தார்கள். பெட்டி நடுவில்தான் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் இந்தக் கல்லறையில் சவப்பெட்டி வடகிழக்கு மூலையில் இருந்தது. திருடர் கணக்குத் தப்பியது, கல்லறையும் தப்பியது!

பிறகு ஆண்டுக்கணக்காக, அவசரப்படாமல், அங்குலம் அங்குலமாகத் தோண்டினார்கள். உள்ளே கிடைத்த தங்கத்தைப் பார்த்து உலகமே வியந்தது. மொத்தம் 478 தங்கப் பொருள்கள். எடை 115 கிலோவுக்கு மேல். நம் கணக்கில் 14 ஆயிரம் பவுனுக்கு மேல்! குதிரைக் குளம்பு வடிவத்தில் தங்கம். தட்டையான அப்பம் போன்ற தங்கக் கட்டிகள். தங்கப் பலகைகள். அதோடு சுமார் 20 லட்சம் செப்புக் காசுகள். அவற்றின் எடை 10 டன்னுக்கு மேல்.

இவ்வளவும் யாருடைய சொத்து?

சவப்பெட்டிக்குள் ஜேடு என்ற விலை உயர்ந்த கல்லில் செய்த ஒரு சிறு முத்திரை இருந்தது. அதில் ஒரு பெயர் வெட்டியிருந்தது. லியூ ஹே!

27 நாள் சக்கரவர்த்தி

லியூ ஹே என்பவர் ஆன் வம்சத்து இளவரசர். கி.மு. 74-ம் ஆண்டில் சக்கரவர்த்தி பிள்ளை இல்லாமல் இறந்தார். அப்போது ஆட்சியைக் கையில் வைத்திருந்த ஹுவோ குவாங் என்ற மந்திரி, இளைஞரான லியூ ஹேயை அழைத்து வந்து அரியணையில் அமர்த்தினார்.

27 நாள்தான். பிறகு அதே மந்திரி அவரை இறக்கிவிட்டார். 27 நாளில் 1,127 குற்றங்கள் செய்தார் என்று பட்டியல் போட்டார்கள்!

பல ஆண்டு கழித்து அவருக்கு ஹாய்ஹுன் பிரபு என்ற பட்டம் கொடுத்துத் தெற்கே அனுப்பினார்கள். கி.மு. 59-ம் ஆண்டில், சுமார் 33-வது வயதில் அவர் இறந்தார். ஊதாரி, ஒழுக்கம் கெட்டவர் என்று வரலாற்று நூல்கள் எழுதி வைத்தன. 2 ஆயிரம் ஆண்டு அந்தப் பேச்சுத்தான் நின்றது.

கல்லறை வேறு சில செய்திகளைச் சொன்னது.

உள்ளே சுமார் 5 ஆயிரம் மூங்கில் ஏடுகள் இருந்தன. பெரியோர் நூல்கள் அவற்றில் இருந்தன. இசைக் கருவிகளும் இருந்தன. தங்கக் கட்டிகளில் சிலவற்றின் மேல் மையால் எழுத்து இருந்தது. சக்கரவர்த்தியின் முன்னோர் வழிபாட்டுக்குக் காணிக்கையாகத் தயாரித்தது என்று, ஆண்டையும் தம் பெயரையும் குறிப்பிட்டிருந்தார் லியூ ஹே. ஆனால் அந்த வழிபாட்டில் கலந்துகொள்ள அவருக்கு உரிமை மறுக்கப்பட்டிருந்தது. ஆகவே, அனுப்ப முடியாமல் நின்றுபோன காணிக்கை இதுவாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

அவருடைய வயிறு இருந்த இடத்தில் முலாம்பழ விதைகள் கிடைத்தன. சாவதற்குச் சற்று முன் அவர் முலாம்பழம் சாப்பிட்டிருக்கிறார்!

திருடன் இந்த விதைகளை எடுப்பானா? மையில் எழுதிய எழுத்தைக் காப்பாற்றுவானா? தங்கத்தை உருக்கினால் எழுத்தும் போயிருக்கும். எழுத்தில் இருந்த ஏக்கமும் போயிருக்கும்.

திரை என்று நினைத்தது கண்ணாடி!

இந்தக் கல்லறையில் கிடைத்த ஒரு பொருள்தான் நம் கேள்விக்கு நேரான பதில்.

ஓர் அறையில் சாயம் தீட்டிய மரப் பலகைத் துண்டுகள் கிடந்தன. அவற்றில் சீனப் பேரறிஞர் கன்பூசியசின் உருவமும், அவருடைய சீடர்களின் உருவங்களும் வரைந்திருந்தன. அவர்களின் வாழ்க்கைக் குறிப்பும் எழுதியிருந்தது. இதுவரை கிடைத்த கன்பூசியஸ் படங்களில் மிகப் பழையது இதுதான்.

முதலில் இதை ஒரு தடுப்புத் திரை என்று நினைத்தார்கள். பிறகு துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். எழுத்துகளைப் படித்தார்கள். அது திரை அல்ல. சட்டத்தில் பொருத்திய, உடை அணிந்து அழகு பார்க்கும் கண்ணாடி! அதன் வெண்கலத் தகடு 70 சென்டிமீட்டர் உயரம். 46 சென்டிமீட்டர் அகலம். வட்டம் அல்ல, நீள்சதுரம்.

பதவி இழந்த அரசர் தினமும் உடை உடுத்திக்கொண்டு இந்தக் கண்ணாடி முன் நின்றிருக்கிறார். முன்னால் தம் முகம். பின்னால் கன்பூசியஸ். ஒழுக்கம் கெட்டவர் என்று எழுதி வைத்தார்களே, அவருடைய அறையில் இருந்த கண்ணாடி இது. அவரைப் பற்றிய பழைய தீர்ப்பை அறிஞர்கள் மறுபடியும் யோசிக்கும்படி ஆகிவிட்டது.

இப்போது எண்ணிப் பாருங்கள். திருடர்கள் சில அடி தள்பித் தோண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வெண்கலத் தகட்டை எடுத்துப் போயிருப்பார்கள். உளுத்துப்போன மரத் துண்டுகளை மிதித்துத் தள்ளியிருப்பார்கள். தகடு எங்கேயாவது ஒரு கடைக்குப் போயிருக்கும். சீன வெண்கலத் தகடு, பழையது என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள். லியூ ஹே இல்லை. கன்பூசியஸ் இல்லை. அது கண்ணாடி என்றுகூடத் தெரியாமல் போயிருக்கலாம்!

இடத்தோடு கிடைத்த கண்ணாடி பேசுகிறது. இடத்தில் இருந்து பிடுங்கிய கண்ணாடி ஊமையாகிவிடுகிறது.

கொள்ளை போன கல்லறை

இனி மற்றொரு கல்லறை. இது சீனாவின் வடமேற்கே, கன்சு மாகாணத்தில் இருக்கிறது. லி வட்டத்தில் டாபவோசி என்ற மலை.

அந்த வட்டாரத்தில் ஏழை விவசாயிகள் மண்ணைத் தோண்டிப் பழைய எலும்புகளை எடுப்பது உண்டு. டிராகன் எலும்பு என்ற பெயரில் நாட்டு மருந்துக்கு அவற்றை விற்பார்கள். 1990-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில், எலும்புக்குப் பதிலாக வெண்கலமும் தங்கமும் வரத் தொடங்கின. செய்தி பரவியது. மலையைச் சல்லடையாகத் துளைத்துவிட்டார்கள்.

அது சாதாரண மலை அல்ல. பிற்காலத்தில் சீனா முழுவதையும் ஒரே நாடாக்கிய சின் அரச குலத்தின் முன்னோர்களை அடக்கம் செய்த இடம். சுமார் 2,700 ஆண்டுப் பழமை உள்ளது. 1994-ம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் வந்து 2 பெரிய கல்லறைகளைத் தோண்டினார்கள். அவர்களுக்கு முன்பே திருடர்கள் வந்து போயிருந்தார்கள்.

உள்ளே இருந்த தங்கம் எங்கே?

அது பாரிஸ் நகரம் போய்ச் சேர்ந்திருந்தது. பருந்து போன்ற பறவை உருவங்கள்; செதில் போன்ற தகடுகள். கடைசியில் பிரான்சு நாட்டின் கீமே பொருட்காட்சி சாலைக்கு அவை நன்கொடையாக வந்தன. கொடுத்தவர்கள் பெரும் பணக்காரரான பிரான்சுவா பினோ என்பவரும், கிறிஸ்தியான் தெய்தியே என்ற பழம்பொருள் வியாபாரியும்.

சீனா திருப்பிக் கேட்டது. ஒரு சிக்கல் வந்தது. பிரான்சுச் சட்டப்படி, பொருட்காட்சி சாலைக்குச் சொந்தமான பொருளை யாருக்கும் கொடுக்க முடியாது. ஆகவே ஒரு வழி கண்டார்கள். நன்கொடையை ரத்து செய்து, பொருளைக் கொடுத்தவர்களிடமே திருப்பித் தந்தார்கள். அவர்கள் அதைச் சீனாவிடம் ஒப்படைத்தார்கள். 2015-ம் ஆண்டில் 32 தங்கத் தகடுகள் கன்சு மாகாணப் பொருட்காட்சி சாலைக்கு வந்து சேர்ந்தன. சுமார் 20 ஆண்டுப் பயணம்!

தங்கம் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கல்லறை யாருடையது?

சின் குலத்தில் எந்த அரசருடையது என்று அறிஞர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. ஒருவர் ஒரு பெயரைச் சொல்கிறார். மற்றவர் வேறு பெயரைச் சொல்கிறார். இந்தத் தகடுகள் சவப்பெட்டியை அலங்கரித்தவை என்று கருதுகிறார்கள். எந்தத் தகடு எந்தப் பக்கம் இருந்தது? பருந்து யாரைப் பார்த்து நின்றது? பார்த்தவன் திருடன் ஒருவன்தான். அவன் குறித்து வைக்கவில்லை!

ஹாய்ஹுன் கல்லறையில் ஒரு சிறு முத்திரை பெயரைச் சொல்லிவிட்டது. டாபவோசி மலையில் 32 தங்கத் தகடு சேர்ந்தும் ஒரு பெயரைச் சொல்ல முடியவில்லை.

கண்ணாடியைக் கடத்துவது எளிது

சிலையைக் கடத்துவது கஷ்டம். கனமாக இருக்கும். கண்ணாடி அப்படி அல்ல. பெரும்பாலானவை உள்ளங்கை அளவு, அல்லது சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியவை. சட்டைப் பையிலும் துணி மூட்டையிலும் போய்விடும். கல்லறைகளில் சாதாரணமாகக் கிடைக்கக்கூடியதும் அதுவே.

திருடர்களின் கருவியும் எளிமையானது. லோயாங் மண்வெட்டி என்று பெயர். பாதிக் குழாய் போன்ற இரும்பு. நீண்ட கம்பில் மாட்டி ஆழத்தில் குத்தி எடுத்தால், அடி மண் அதில் ஒட்டி வரும். மண்ணின் நிறத்தைப் பார்த்தே கீழே கல்லறை இருப்பதைச் சொல்லிவிடுவார்கள். திருடர்கள் கண்டுபிடித்த இந்தக் கருவியைப் பிறகு ஆராய்ச்சியாளர்களும் பயன்படுத்தத் தொடங்கினார்கள்!

திருடுவது ஏழை. விலை வைப்பது தரகர். பெரும் பணம் கொடுப்பது வாங்குகிறவர். வாங்குகிறவர் இல்லாவிட்டால் தோண்டுகிறவனும் இல்லை.

நாங்கள் வாங்கிப் பாதுகாக்காவிட்டால் இவை அழிந்திருக்கும் என்று வாங்குகிறவர்களில் சிலர் சொல்வது உண்டு. இதில் ஓரளவு உண்மை உண்டு. நல்ல முறையில் சேகரித்துப் பாதுகாத்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கத் தொழிலதிபர் லாயிட் காட்சன் தாம் சேகரித்த 91 வெண்கலக் கண்ணாடிகளை 2012-ம் ஆண்டில் ஷாங்காய் பொருட்காட்சி சாலைக்குக் கொடுத்தார். பெரிய மனசு என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் வாதத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இன்று ஒரு கண்ணாடிக்குக் கொடுக்கும் பணம், நாளை தோண்டப்போகும் குழிக்குக் கூலி. ஒன்றைக் காப்பாற்றினோம் என்று சொல்லும்போதே பத்துக்கு ஆபத்து வருகிறது.

சட்டம் என்ன செய்தது?

பழம்பொருள் கடத்தலைத் தடுக்க 1970-ம் ஆண்டில் யுனெஸ்கோ சபை ஓர் உடன்படிக்கை செய்தது. இந்தியா 1977-ம் ஆண்டிலும், சீனா 1989-ம் ஆண்டிலும் அதில் சேர்ந்தன.

2009-ம் ஆண்டில் அமெரிக்காவும் சீனாவும் தனி ஒப்பந்தம் செய்துகொண்டன. டாங் வம்ச காலம் முடியும் வரையிலான புதைபொருள்களைச் சீனாவின் அனுமதி இல்லாமல் அமெரிக்காவுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது அதன் முக்கிய அம்சம். வெண்கலமும் தங்கமும் இதில் அடங்கும். 2014, 2019, 2024 ஆகிய ஆண்டுகளில் இதைப் புதுப்பித்தார்கள். அரசியலில் இரண்டு நாடுகளும் முறைத்துக்கொண்டாலும் இந்த ஒப்பந்தம் நின்றுவிடவில்லை.

பலனும் கிடைத்தது. 2019-ம் ஆண்டில் அமெரிக்கா 361 பொருள்களைத் திருப்பிக் கொடுத்தது. அதே ஆண்டில் இத்தாலி 796 பொருள்களைக் கொடுத்தது. 2025-ம் ஆண்டு மே மாதம், 2,300 ஆண்டுப் பழமையான பட்டு ஏடுகள் 2 அமெரிக்காவில் இருந்து திரும்பின. 1942-ம் ஆண்டில் சாங்ஷா நகர் அருகே கல்லறைத் திருடர்கள் எடுத்த ஏடுகள் அவை. யார் எடுத்தார்கள், யார் கைக்குப் போயின, எப்படிக் கடல் கடந்தன என்று லி லிங் என்ற பேராசிரியர் பல ஆண்டு உழைத்து விவரம் சேர்த்திருந்தார். விவரம் இருந்ததால் வழக்குக்கு வலிமை இருந்தது.

நம் தமிழ்நாட்டிலும் இதே பாடம்தான். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோவில் நடராஜர் சிலை ஆஸ்திரேலியா வரை போய், 2014-ம் ஆண்டில் திரும்பி வந்தது. அந்தச் சிலை கோவிலில் இருந்தபோது எடுத்த போட்டோ புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தது. போட்டோதான் சாட்சி சொன்னது.

மண்ணுக்குள் இருக்கும் கண்ணாடிக்கு யார் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்கள்? எவருமே பார்க்காத பொருளை எங்களுடையது என்று எப்படி நிரூபிப்பது? இங்கேதான் சட்டத்தின் கை குறுகிவிடுகிறது. உரிமைக்குக் காலக்கெடு இல்லை என்று எழுதலாம். சாட்சிக்கு எங்கே போவது?

இனி என்ன?

சீனாவில் கல்லறைக் கொள்ளைக்கு ஒரு காலத்தில் மரண தண்டனைகூட இருந்தது. 2011-ம் ஆண்டில் அதை நீக்கினார்கள். இப்போது ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். தூக்குக்கும் துப்பாக்கிக்கும் பயப்பட வேண்டிய காலத்திலேயே கொள்ளை நடந்தது. தண்டனை மட்டும் போதாது என்பது இதில் தெரிகிறது.

இன்னொரு மாறுதலும் ஏற்பட்டிருக்கிறது. முன்பு வாங்குகிறவர்கள் பாரிசிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் இருந்தார்கள். இன்று சீனாவிலேயே பழம்பொருள் வாங்கும் பணக்காரர்கள் பெருகியிருக்கிறார்கள். வெளிநாட்டைப் பார்த்துக் கேட்கும் கேள்வியைச் சீனா தன் நாட்டுப் பணக்காரர்களைப் பார்த்தும் கேட்க வேண்டும். எங்கே கிடைத்தது என்று சொல்ல முடியாத பொருளை வாங்காதே என்ற கட்டுப்பாடு இரண்டு பக்கமும் வேண்டும்.

திரும்பி வரும் ஒவ்வொரு பொருளும் நியாயத்துக்குக் கிடைத்த வெற்றி. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அது பாதி வெற்றிதான். திருடன் தோண்டிய அன்றைக்கே மறுபாதி அழிந்துவிட்டது. அதை எந்த நாடும் திருப்பிக் கொடுக்க முடியாது. எந்தச் சட்டமும் வாங்கித் தர முடியாது.

அந்த மறுபாதியைக் காப்பாற்ற ஒரே வழிதான் உண்டு. வெள்ளம் வரும் முன் அணை போட வேண்டும்.

நான்சாங் அருகே அந்த அணையைப் போட்டவர்கள் பெரிய அதிகாரிகள் அல்ல; தங்கள் ஊர் மேட்டில் புதிய குழியைக் கண்டதும் வாய் திறந்து சொன்ன கிராமத்தார்! அவர்கள் சொன்னதால் 14 ஆயிரம் பவுன் தங்கம் பிழைத்தது. 27 நாள் அரசரின் கண்ணாடி பேசியது. 2020-ம் ஆண்டில் அந்த இடத்திலேயே ஒரு பொருட்காட்சி சாலை திறக்கப்பட்டது. கிராமத்தார் காப்பாற்றிக் கொடுத்ததை இன்று ஊரெல்லாம் வந்து பார்க்கிறது.

டாபவோசி மலையிலும் கிராமங்கள் இருந்தன. அங்கே வறுமை இருந்தது. விலை பேச ஆள் இருந்தது. இது நம் முன்னோர் சொத்து என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

பழம்பொருளுக்கு முதல் காவல்காரர் பக்கத்து வீட்டுக்காரர். அவருக்கு அதன் மதிப்பைச் சொல்லிக் கொடுத்தால், பிறகு பாரிசுக்குப் போய்த் திருப்பிக் கேட்க வேண்டிய வேலை இருக்காது.